பின்னால் நின்றவர்

மருத்துவக் கல்லூரியில் படிக்கையில் பெரிய டாக்டரோடு வார்டைச் சுற்றி வரும்போது, பிழைக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளியின் கட்டிலருகே அவர் நிற்கமாட்டார். நாங்களும் நிற்கமாட்டோம். சாகப்போகிறவரிடம் என்ன பேசுவது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

1960களின் நடுவில், சோமனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். ஒரு மதியம் விசைத்தறி ஓட்டுகிற ஒருவரின் மனைவி தேடி வந்தார். "எங்க ஊட்டுக்காரருக்கு வயித்துல புத்துநோய்ங்க. பெரியாஸ்பத்திரில கையை விரிச்சுட்டாங்க. வலியில துடிக்கிறாருங்க, ஒருக்கா வந்து பாருங்க டாக்டரம்மா."

போனேன். அக்கம்பக்கத்துத் தறிகளின் ஓட்டத்தில் வீட்டுத் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. சொம்புத் தண்ணீர் நடுங்கியது. கட்டிலில் கிடந்தவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"உங்க பொறகால நிக்கறவங்களை உக்காரச் சொல்லுங்க."

திரும்பினேன். வெறும் சுவர்.

"யாருங்க வந்திருக்காங்க?" மனைவி நிதானமாகக் கேட்டார்.

"அம்மா."

அவரைப் பெற்ற அன்றே அந்த அம்மா இறந்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"அங்க யாரும் இல்லீங்க. பலவீனத்துல அப்படித் தெரியும்" என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி என்னை வாசலுக்குக் கூட்டிவந்தார். "வலிக்கு ஊசி போடுங்க. இல்லீன்னு மட்டும் சொல்லாதீங்க. போற எடத்துக்குத் தொணை வந்திருக்குன்னு நெனச்சுக் கெடக்கறாரு."

உள்ளே போய்ப் பெத்தடின் ஊசி போட்டேன். கிளம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு சீரானதும், "அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"இந்தப் புள்ளை எதுக்கு இப்படிப் பயப்படுதுன்னு கேக்கறாங்க."

"ஆமாங்க, பயமாத்தான் இருக்கு" என்றேன். அவர் சிரித்தார்.

அதன்பின் தினமும் மதியம் போனேன். ஐந்தாம் நாள், என் விரல்கள் பிடித்திருக்கும்போதே அவர் நாடி நின்றது. மனைவி அவர் கண்களை மூடிவிட்டு என்னிடம், "அவங்க போயிட்டாங்களாங்க?" என்றார். கணவரைக் கேட்கிறாரா, மாமியாரைக் கேட்கிறாரா என்று புரியவில்லை. தெரியலீங்க என்று மட்டும் சொன்னேன்.

பிற்பாடு என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் டாக்டர்களை, ஸ்டெதாஸ்கோப்பை மேசையில் வைத்துவிட்டு, சாகக் கிடப்பவரின் அருகே அரைமணி நேரம் உட்கார்ந்து வரச் சொல்வேன். சிலர் முகம் வெளுத்துத் திரும்பி வருவார்கள். உள்ளே அவர்கள் காதில் என்ன விழுந்தது என்று நான் விசாரித்ததில்லை.