பேக்கிங் அறைக்குள் வந்த ஜெர்மன் கரப்பான்

ஊரே சாஃப்ட்வேர் பக்கம் ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள். என் வீட்டுக்காரரும் அதில்தான் இருந்தார். நான் மட்டும் செகந்திராபாத் பக்கம் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனி லேபில் பூச்சியும் பூஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் மாத்திரை பேக் செய்யும் அறையில் கரப்பான் ஓடியது. மேனேஜர் டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டார். மறுநாள் ஆடிட். மனுஷருக்கு யார் மேலாவது பாய வேண்டும், கூட்டிப் பெருக்கும் அக்காவின் மேல் பாய்ந்தார். சாக்கடை மூடியை இவள்தான் திறந்து போட்டாள், இன்றோடு வேலையை விட்டு நிற்கட்டும் என்று தெலுங்கில் கத்தினார்.

அக்கா செகந்திராபாத் தமிழ். "நக்கோ மா, அப்படி எழுதாதே. ஆண்டவர் சத்தியமா மூடித்தான் வச்சிருந்தேன்" என்று என்னிடம் கெஞ்சினாள். என்ன பூச்சி, எங்கிருந்து வந்தது என்று எழுதித் தருவது என் வேலை. அவள் பிழைப்பு அந்தக் காகிதத்தில் இருந்தது.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். சாக்கடைக் கரப்பான் என்றால் கட்டைவிரல் நீளம், செம்பழுப்பு. இது சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். வாலோரம் முட்டைக்கூடு. குஞ்சு பொரிக்கும்வரை அதைச் சுமந்தே திரியும் ஜெர்மன் கரப்பான். இதற்குச் சாக்கடை ஆகாது. பிரிட்ஜ் மோட்டார் மாதிரி வெதுவெதுப்பான இடுக்கில் குடியிருக்கும். பெட்டியிலோ பையிலோ ஏறி இடம் மாறும்.

அப்பாடா, அக்கா பிழைத்தாள் என்று எழுத ஆரம்பித்தேன். "பை" என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. வீட்டில் என் டிபன் பை இருப்பது பிரிட்ஜ் மேல். அன்று கம்பெனி பஸ் லேட் என்று, பையை லாக்கரில் வைக்காமல் தோளில் மாட்டியபடியே பேக்கிங் அறைக்குள் போய் சாம்பிள் எடுத்திருந்தேன். பையை எடுத்து உதறினேன். குட்டியாக இரண்டு ஓடின. என் சோம்பேறித்தனத்தில் இடி விழ!

யாரோ கொண்டுவந்த பையில் ஏறி வந்தது என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காகிதத்தைப் படித்துவிட்டு, யாருடைய பை என்று அக்காவைக் கேட்டார். காலையில் எனக்குக் கதவைத் திறந்துவிட்டதே அவள்தான். "பை உள்ள வேணாம் மா" என்றுகூடச் சொன்னாள். நான்தான் ரெண்டே நிமிஷம் என்று புகுந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது சார்" என்றாள்.

"அப்ப உன்னோடதுதான். கிளம்பு" என்றார்.

"என்னோடது சார்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. அக்கா ஐடி கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். நான் மறுபடியும், கத்திச் சொன்னேன்.