உப்புத் தண்ணீரில் ஒரு கல்

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, நான்கடித் தொட்டிக்குள் கையை இறக்குகிறார் பல்லம்மா. இரண்டு ஏஞ்சல் மீன்களும் இலைகளை விலக்கி வந்து, விரல் நுனியில் இருக்கும் புழுவைக் கொத்தி முடிக்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். வீட்டில் இருப்பதே அவரும் கணவரும்தான்.

தொழில், பல்செட் செய்வது. மருத்துவமனைகள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாக நடுவார். யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பாவிடம், "மேல் வரிசையில ரெண்டாவது ஆடுது போல, கவனிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனவர். எதற்கெடுத்தாலும் அவரிடம் ஒரே வாசகம்தான்: "அவசரப்பட்டா கடி சேராது." மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்துவதைப் பற்றிய பேச்சு அது. சமையலுக்கும் அதையே சொல்வார், சம்பந்தம் பேசுகிறவர்களிடமும் அதையே சொல்வார்.

அப்படிப்பட்டவரையே ஒரு தொட்டி அவசரப்படுத்திவிட்டது. பல்செட் கொடுக்கப் போன மருத்துவமனையின் வரவேற்பறையில் புதிதாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். பூவா பிராணியா என்று தெரியாத ஒன்று நூறு விரல்களை விரித்து அசைந்துகொண்டிருந்தது. கொட்டும் விரல்களாம் அவை. அவற்றின் நடுவே ஆரஞ்சு நிறக் குட்டி மீன் ஒன்று தாய்மடியில் புரள்வதுபோலப் புரண்டது. பெரிய மீன் ஒன்று வாயைப் பிளந்து நிற்க, சிவப்பு இறால் அதற்குள் நுழைந்து, இடுக்கெல்லாம் சுத்தம் செய்துவிட்டுச் சாவதானமாக வெளியே வந்தது. பல்லம்மா பையும் கையுமாக நின்றவர் நின்றவர்தான்.

"இருபத்தாறு வருஷமா வாய்க்கு வேலை பாக்கறேன்" என்றார் வீட்டுக்கு வந்து. "அங்க ஒருத்தி தொறந்த வாய்க்குள்ளயே போயிட்டு வர்றா. நம்ம தொட்டியையும் கடல் தண்ணியா மாத்திடலாமா?"

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பேச்சிலும் வலதுகால் பிரேக்கில்தான் இருக்கும். "இருக்கறதுங்களை என்ன பண்ணுவ?"

வீட்டில் இரண்டாவது தொட்டிக்கு இடம் கிடையாது. அந்த ஏஞ்சல்கள் முட்டையிலிருந்து அவர் கண்முன்னே பொரிந்தவை. ஏழு வயது.

மருத்துவமனைத் தொட்டியைப் பராமரிப்பவர் வண்ணமீன் கடை வைத்திருந்தார். அவரிடமே போய்க் கேட்டார் பல்லம்மா. "உங்க மீனுங்களை நான் எடுத்துக்கறேன் மேடம். ஆனா உப்புத் தண்ணி வேற பொழப்பு. முதல்ல ஒரு ஜாடி உப்புத் தண்ணியில ஒரே ஒரு கடல் கல்லை வச்சுப் பாருங்க" என்று, தன் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு கல் ஒன்றை ஈரத்தோடு எடுத்துக் கொடுத்தார்.

சமையலறை மேடையில் ஜாடி, சின்ன மோட்டார், சின்ன விளக்கு. வெயிலுக்கு ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். அதனால் தினமும் காலையில் கோடு போட்ட இடம்வரை நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும். பல்லம்மா கரண்டி கரண்டியாக ஊற்றினார்.

"மீன் வளர்த்த, சரி. இப்ப கல்லு வளர்க்கறியா? உள்ள தேரையா இருக்கு?" என்றார் கணவர்.

"அவசரப்பட்டா கடி சேராதுங்க."

ஒன்றரை மாதம் கல் கல்லாகவே கிடந்தது. நாற்பத்தாறாம் நாள் காலை, குண்டூசித் தலையளவு ஓட்டையிலிருந்து ஒரு வெள்ளைக் குழல் எட்டிப் பார்த்தது. அதன் நுனியில் குடை விரிந்தது. அரிசியை விடச் சிறிய குடை. ஒவ்வொரு கம்பியும் மயிலிறகுபோல, பழுப்பும் வெள்ளையுமாக. கரண்டியைக் கீழே வைத்த சத்தத்துக்கே சட்டென்று உள்ளே போய்விட்டது. பல்லம்மா மூச்சை அடக்கிக்கொண்டார். மறுபடி விரிந்தது. பல்லில் விரிசல் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால், பக்கத்தில் கடுகளவு சங்கு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது.

பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து குனிந்தார் கணவர். வெகுநேரம் நிமிரவில்லை. "இது எங்கிருந்து வந்துச்சு?"

"வரல. அங்கயேதான் இருந்திருக்கு." பல்லம்மா பூதக்கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

அந்த வாரக் கடைசியில் கடைக்காரர் போன் செய்தார். "பெரிய தொட்டியைக் காலி பண்ண எப்ப வரட்டும் மேடம்?"

பல்லம்மா ஏஞ்சல்களைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். "வேணாம் சார். அதுங்க காலம் முடியட்டும். இந்த ஒரு கல்லையே நான் இன்னும் பாத்து முடிக்கல."

"நானும் முடிக்கல மேடம்" என்றார் அவர்.

மறுநாள் சமையல் கணவரின் முறை. தக்காளியை மிக்சியில் போட்டு மூடியவர், சுவிட்சில் வைத்த விரலை எடுத்துவிட்டார். ஜாடிக்குள் குடை விரிந்திருந்தது. மிக்சியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அடிமேல் அடிவைத்துப் படுக்கையறைக்குப் போய், ஓசையில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டார்.