முதல் பாலும் டாக்டர் பட்டமும்

நூருன்னிஸா நர்சிங்கில் டாக்டர் பட்டம் படிக்கிறாள் என்றதும் இரத்தோட்டை கடைவீதிக்குத் தலை சுற்றியது. ஊசி போடுகிறவளுக்கு அந்தப் பட்டம் எதற்கு? கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கிச் சலித்துப்போன அவளுடைய கணவன் ஜவாஹிர், கடைசியில் "அது பெரிய ஊசிங்க" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. அப்படியொரு படிப்பு இலங்கையில் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தது. பிறந்த குழந்தைக்குத் தாயின் முதல் பாலான சீம்பால் கிடைக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காகவே ஊர் திரும்பி, வெள்ளை உடுப்போடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஏறி இறங்கி, பெண்களை உட்காரவைத்துச் சீம்பாலின் அருமையைச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"சீம்பால் குடுத்தீங்களா?"

"குடுத்தோம் மிஸ்ஸி."

நர்சை அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருத்தி பாக்கியில்லாமல் அதே பதில். அந்தப் பதில்களை இங்கிலாந்திலிருந்த தன் பேராசிரியருக்குச் சந்தோஷமாக அனுப்பிவைத்தாள். அவர் மசியவில்லை. எல்லாரும் ஒன்றையே சொன்னால் அது பதிலே இல்லை, வருட முடிவுக்குள் நம்பும்படியாக எதுவும் வராவிட்டால் இடம் போய்விடும் என்று எழுதிவிட்டார். நூருன்னிஸாவின் வயிற்றில் அப்போது பிள்ளை வேறு.

மகன் பிறந்தான். நூருன்னிஸாவைப் பெற்ற உம்மா ஹமீமா கதவைச் சாத்தினாள். நாற்பது நாள் கழியும்வரை வாசற்படி தாண்டக்கூடாது.

"பிள்ளப் பெத்த உடம்பு மகள். படிப்பு எங்கயும் ஓடிப் போவாது."

படிப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பூண்டுக் கறியும் சோறும் தின்றுகொண்டே நூருன்னிஸா அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு இறங்கிய தோட்டத்துப் பெண்கள், மிஸ்ஸிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாமே என்று கூட்டமாக வந்துவிட்டார்கள். மூன்று பெற்ற அழகாயி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, பேச்சுவாக்கில் கேட்டாள்.

"நீங்க சீம்பால் குடுத்தீங்களா மிஸ்ஸி?"

"குடுத்தேன்" என்று சொல்ல நூருன்னிஸா வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து உம்மா குரல் கொடுத்தாள்.

"எங்க குடுத்தா? நான்தானே பீச்சிக் கொட்டிட்டு சீனித் தண்ணி வச்சேன். பச்சப் புள்ளைக்கு அது செமிக்குமா?"

அறையே குலுங்கிச் சிரித்தது. நூருன்னிஸாவுக்கு மானம் போயிற்று. இவ்வளவு படித்தும் உம்மாவின் கையைத் தடுக்கத் தைரியமில்லாமல் கிடந்தவள்தானே அவள்.

"அப்ப நீங்களும் நம்ம கட்சிதான்" என்றாள் அழகாயி. "நாங்களும் கொட்டினவங்கதான் மிஸ்ஸி. மாமியா வுடுவாங்களா? வெயில்ல மூச்சு வாங்க மலையேறி வர்றீங்க, இல்லன்னு சொன்னா மனசு நோகுமேன்னு தலையாட்டிவிட்டோம். எங்கள மட்டும் உக்கார வச்சுப் பாடம் நடத்துனீங்களே, ஒங்க உம்மாகிட்டயே ஒங்களால சொல்ல முடியலியே."

பிறகு கேள்வியே தேவைப்படவில்லை. யார் கொட்டச் சொன்னது, யார் மாமியாருக்குத் தெரியாமல் கொடுத்தது என்று ஆளுக்கு ஆள் அவிழ்த்துவிட்டார்கள். வாரா வாரம் புது ஆட்களும் வந்தார்கள்.

"இத நான் எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்க. எங்க மாமியா பேர மட்டும் போட்டுறாதீங்க."

இங்கிலாந்தில் வாய்மொழிப் பரீட்சையன்று பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். இந்தப் பதில்களும் மரியாதைக்குச் சொன்னவை அல்ல என்பதற்கு என்ன ஆதாரம்?

"முதல் தடவை என் மனம் நோகக்கூடாதென்று பார்த்துப் பதில் சொன்னார்கள்" என்றாள் நூருன்னிஸா. "இரண்டாம் தடவை, சொந்தத் தாயிடமே வாய் திறக்காதவள் எங்களுக்குச் சொல்ல வந்தாயா என்று திட்டினார்கள். மரியாதைக்கு யாரும் அப்படித் திட்டமாட்டார்கள்."

பரீட்சகர் சிரித்துக்கொண்டே எழுந்து கையை நீட்டினார்.

"வாழ்த்துகள், டாக்டர்."