அட்டைமுத்துவின் சொந்தக்காரி

மலேசியாவின் ஈப்போ நகரில் தினேஸ்வரி வரைந்த படங்கள் ஏதாவது ஒரு தெருமுனையில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பொரித்த கோழிக் கடையில் கண்ணடிக்கும் சேவல், காடி (கார்) கழுவும் இடத்தில் நுரைக்குள் உட்கார்ந்திருக்கும் யானை, கல்யாண மண்டப வாசலில் மூக்குக் கண்ணாடி போட்ட மயில் எல்லாம் அவள் கை. விளம்பரப் பலகை செய்யும் கடையொன்றில் பல வருஷம் ஓவியராக இருந்தவள் அவள். சம்பளம் ஒழுங்காக வந்தது, வேலையும் பிடித்திருந்தது. அந்தச் சேவல் மட்டும் தைப்பிங், தெலுக் இந்தான் என்று ஊர் ஊராகக் கோழிக் கடையின் கிளைகளோடு பெருகிக்கொண்டே போனது.

"உன் சேவல் எங்கயோ போயிருச்சுலா," என்பான் அவள் கணவன் தீபன், காடி ஓட்டிக்கொண்டே.

"என் சேவலா? முதலாளிகிட்ட வேலை பாக்கறப்ப வரைஞ்சது, அவருக்குத்தான் சொந்தம். நான் கூப்பிட்டா அது திரும்பிக்கூடப் பாக்காது," என்று சிரிப்பாள் அவள்.

பெருந்தொற்றுக் காலத்தில் கடை மூடிக் கிடந்தது. கல்யாண வீடியோ எடுப்பது தீபனுடைய தொழில். கல்யாணமே இல்லாத காலத்தில் அவனுக்கு என்ன வேலை? ஈப்போவின் புந்தோங் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது ஆள் தீபனின் அம்மா மங்களம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதி ஆனபிறகு மகனோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார்.

ஒரு மழை நாளில், தோட்டத்தில் காலில் மாட்டிய சப்பாத்துக்குள் புகுந்து ரத்தம் உறிஞ்சிய அட்டை ஒன்றின் கதையை மங்களம் நடித்தே காட்டினார். காலை உதறினார், குதித்தார், அட்டை மாதிரி உடம்பைச் சுருக்கி நீட்டினார். தினேஸ்வரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே ஓர் அட்டையை வரைந்தாள். பானைத் தொப்பை, குட்டிக் கைகள், சோம்பல் கண், வாயில் உறிஞ்சுகுழல். குழலின் மறுமுனை, பிளாஸ்டிக் பையில் கட்டித் தொங்கவிட்ட தே தாரிக் தேநீருக்குள். ரத்தம் குடித்துக் குடித்து வயிறு கெட்டுப்போய், டாக்டர் கண்டித்ததால் தேநீருக்கு மாறிவிட்ட அட்டை அது. அட்டைமுத்து என்று பெயர் வைத்தாள்.

தீபன் அதைக் கணினியில் அசைய வைத்தான். குரலையும் தானே கொடுத்துப் பார்த்தான். சமையலறையிலிருந்து மங்களத்தின் சத்தம் வந்தது.

"என்னடா இது, வானொலியில செய்தி வாசிக்கிற மாதிரி! அட்டை பேசுனா இப்படியா பேசும்? வழுவழுன்னு, தொண்டையில ஏதோ ஒட்டுன மாதிரில்ல பேசும்!"

சொன்னதோடு நிற்காமல் பேசியும் காட்டினார். தீபனும் தினேஸ்வரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்மா, அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லும்மா."

"போடா! என் காலுலேருந்து எவ்வளவு ரத்தம் குடிச்சிருக்கும் அந்தச் சனியன்! அதுக்கு நான் குரல் வேற குடுக்கணுமா?" என்றவர், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். "சரி, குடுக்கிறேன். இத்தனை வருஷம் குடிச்சதுக்கு இனிமே அது நமக்குச் சோறு போடட்டும்."

முதல் படம் ஒரு நிமிஷம்கூட ஓடாது. உறவுக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். அடுத்த வாரம் ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தீபனின் ஒன்றுவிட்ட அண்ணன் அதே படத்தைத் தினேஸ்வரிக்கே அனுப்பி, "இதப் பாரும்மா, எந்தப் புண்ணியவான் செஞ்சதோ, சிரிச்சு முடியல," என்று எழுதியிருந்தார். வீட்டில் ஒரே கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தோடு தினேஸ்வரி தன் பள்ளித்தோழி கலாதேவிக்குப் போன் போட்டாள். கலாதேவி ஈப்போவில் வழக்கறிஞர்.

"எந்தப் புண்ணியவானோன்னு சொல்றாங்களா? அதுக்கா சந்தோஷப்படுற?" என்றாள் கலாதேவி. "புள்ளையப் பெத்து, பேர் எழுதாம ஊர் சுத்த விட்டிருக்க."

மறுநாளிலிருந்தே அவர்களை வேலை வாங்க ஆரம்பித்தாள். முதலாளிக்காக இல்லாமல் வீட்டில் வரைந்ததால், வரைந்த அந்த நிமிஷமே பதிப்புரிமை தினேஸ்வரிக்கு வந்துவிட்டது, ஆனால் நாளைக்கு ஒருவன் மல்லுக்கு நின்றால் காட்ட ஆதாரம் வேண்டும் என்றாள். படைப்பை அரசாங்கத்தின் அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதியச் சொன்னாள். பெயருக்கும் உருவத்துக்கும் வணிகச் சின்னம் கேட்டு விண்ணப்பித்தாள். சின்னதாக ஒரு கம்பெனியும் தொடங்க வைத்தாள்.

"அட்டைங்கிறது எல்லாருக்கும் பொது," என்று விளக்கினாள். "எவனும் அட்டை வரையலாம், நீ தடுக்க முடியாது. ஆனா அந்தத் தொப்பை, அந்தக் குழல், அட்டைமுத்துங்கிற பேரு, இதெல்லாம் உன்னோடது."

மங்களத்தோடும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்று அவள் சொன்னபோது மங்களத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் மகன் கம்பெனிக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமா ஆண்ட்டி. உங்க குரல் உங்க சொத்து. நீங்க சம்மதிச்சாத்தான் இவங்க அத வெளிய குடுக்க முடியும்."

மங்களத்தின் முகம் மலர்ந்தது. "என் குரல் எனக்குச் சொத்தா? இந்த வீட்டுல நான் வாயத் தொறந்தா டிவி சத்தத்தக் கூட்டுறாங்க, தெரியுமா!" பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து நிபந்தனை போட்டார். "எழுதிக்கம்மா. எந்தக் காலத்துலயும் அது ரத்தம் குடிக்கக் கூடாது. திருந்துனது திருந்துனதுதான்."

கலாதேவி சிரிக்காமல் அப்படியே எழுதிக்கொண்டாள்.

பெருந்தொற்றுக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு தினேஸ்வரி பழைய வேலைக்குப் போகவில்லை. புந்தோங்கில் கச்சான் பூத்தே என்கிற கடலை வகைகளை வறுக்கும் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை பிடித்தார்கள். கடலை வாசம் நாள் முழுக்க மேலே வரும். அங்கேதான், பரவிய படத்தைப் பார்த்துவிட்டு, கோலாலம்பூரிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து உட்கார்ந்தான். பொம்மைகளும் சிறுவர் படங்களும் செய்கிற பெரிய நிறுவனம். அட்டைமுத்துவை முழுசாக வாங்கிக்கொள்கிறோம் என்றான் அந்த இளைஞன். அவன் சொன்ன தொகையைக் கேட்டதும் தீபன் வாய்க்குக் கொண்டுபோன கடலையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக் கடனே முடிந்துவிடும்.

தினேஸ்வரிக்கும் மனம் சபலப்பட்டது. இருந்தாலும் கேட்டாள். "அதுக்கப்புறம் எனக்கு ஆசை வந்து அட்டைமுத்துவ வரைஞ்சா?"

"எங்ககிட்ட அனுமதி வாங்கணும் மேடம்," என்றான் அவன், மிகவும் மரியாதையாக.

"நீங்க அத வெச்சு என்ன செய்யப் போறீங்க?"

அவன் உற்சாகமாக மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "பேய்க்கதைத் தொடர்! நகரத்துக்கு வர்ற அட்டைமுத்து, மனுசங்க ரத்தத்தை..."

தட்டில் தேநீரோடு வந்துகொண்டிருந்த மங்களம் வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெதுவாக வந்து, குவளையை அவன் முன்னால் வைத்து, அன்பாகவே சொன்னார். "தம்பி, டீயக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

தினேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, விற்க மனமில்லை, பொம்மை செய்ய மட்டும் வேண்டுமானால் உரிமம் தருகிறோம் என்றாள். தங்கள் நிறுவனத்தில் அந்த வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். தேநீரை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்திருந்தான்.

அதற்கப்புறம் சில மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. தீபன் கல்யாண வீடியோவுக்கு மறுபடி ஓடத் தொடங்கினான். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தினேஸ்வரிக்கே சந்தேகம் வந்தது. வணிகச் சின்னச் சான்றிதழ் வந்த அன்று அதைச் சுவரில் மாட்டிவிட்டு, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஈப்போ லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லை. கூட்டத்தில் நகர்ந்துகொண்டிருந்தபோது தீபன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். "தினேஸ், அங்க பாரு!"

ஒரு துணிக்கடை வாசலில் வரிசையாகத் தொங்கிய துணிப்பைகள் ஒவ்வொன்றிலும் அட்டைமுத்து. தொப்பையும் குழலும் அச்சு அசல். பெண்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாக அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"கேஸ் போடுவோம்! சான்றிதழ்தான் கையில இருக்குல்ல!" தீபனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

தினேஸ்வரி கூட்டத்திலிருந்து ஒதுங்கிக் கலாதேவியைப் போனில் பிடித்தாள். கலாதேவி பதறவில்லை. "நிறுத்துன்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. செஞ்சுக்கோன்னு அனுமதி குடுக்கவும் அதே உரிமைதான். உள்ள போய்ப் பேசிப் பாரு. எது வேணும்னு நீ முடிவு பண்ணு."

கடைக்காரர் மீரா சாஹிப், நரைத்த தாடியும் கழுத்தில் அளவு நாடாவுமாக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"வாட்ஸாப்ல வந்துச்சும்மா. ஊருக்கே வருது. இதுக்குன்னு சொந்தக்காரங்க இருப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல. தினம் காலையில வணக்கம் சொல்லி வர்ற படம் மாதிரி இதுவும் ஒண்ணுன்னு..." சட்டென்று நிறுத்தி, "நீங்களா வரைஞ்சது? அந்தக் குரல்?" என்று கேட்டார்.

"என் மாமியார்."

"யா அல்லாஹ்! நூருல்! இங்க வாம்மா!"

உள்ளிருந்து வந்த அவர் மகள் நூருல் ஹுதா, விஷயம் தெரிந்ததும் கையிலிருந்த பையைப் பின்னால் மறைத்தாள். தினேஸ்வரி அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் அட்டைமுத்துவுக்கு ஒரு கட்டம்போட்ட கைலி. தொப்பைக்குக் கீழே இறுக்கிக் கட்டி, நழுவிவிடாமல் ஒரு கையால் பிடித்திருந்தது. இன்னொரு கையில் சந்தைக்கூடை. தினேஸ்வரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கடை நடுவில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். தனக்கு ஏன் இது தோன்றவில்லை!

"கைலி யாரோட யோசனை?"

"நான்தான் அக்கா. சாரி அக்கா."

"எதுக்கு சாரி? இன்னும் என்னென்ன போட்டுவிடலாம் சொல்லு!"

தீபன் மனைவியைப் பார்த்து விழித்தான். ஆனால் அவளுக்கு அந்த நேரத்தில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த காகிதம் கடையை மூடவைக்க மட்டும் இல்லை. அதை வைத்து இந்தக் கடையை அட்டைமுத்துவின் கடையாகவே ஆக்கலாம். தான் ஓர் ஊசியைக்கூடத் தொடாமல், துணி தெரிந்தவர்கள் கையால் பை வரும், சட்டை வரும். விற்கிற ஒவ்வொன்றிலும் தன் பங்கும் வரும்.

அவள் அதைச் சொன்னபோது மீரா சாஹிப் தாடியைத் தடவினார். "உங்க அனுமதியோட நான் வித்தா, பக்கத்துக் கடைக்காரரு இதே பைய அடிக்க முடியாதா?"

"முடியாது. அடிச்சா நாங்க கேப்போம்."

"நான் அடிச்ச மாதிரி அவரு அடிக்கக் கூடாதுன்னு சொல்றது..." என்று வெட்கத்தோடு சிரித்தவர், "நல்ல சட்டம்மா! ரொம்ப நல்ல சட்டம்!" என்று கையைத் தட்டினார். தீபனும் சிரித்துவிட்டான்.

ஒப்பந்தம் கலாதேவியின் அலுவலகத்தில் முடிந்தது. ஏற்கெனவே விற்ற பைகளுக்கும் சேர்த்து மீரா சாஹிப் பங்கு கொடுத்தார். கைலி உருவம் நூருல் ஹுதாவின் கைவண்ணம் என்று பையிலேயே பெயர் போடவேண்டும், அதில் அவளுக்கும் பங்கு உண்டு என்று தினேஸ்வரி பிடிவாதமாகச் சேர்த்தாள். அட்டைமுத்துவுக்கு மலாய்க்காரர் உடையான பாஜு மெலாயு வந்தது, சீனப் புத்தாண்டுக்குச் சிவப்புச் சட்டை வந்தது, பொங்கலுக்கு வேட்டி வந்தது. பாரிட் புந்தாரிலிருந்து ஒரு பள்ளிக்கூடமே பைகளுக்குச் சொல்லி அனுப்பியது. மாடி அறை போதாமல் பக்கத்து அறையையும் எடுத்தார்கள். தீபன் கல்யாண வீடியோவை விட்டுவிட்டு முழுநேரமும் அட்டைமுத்துவோடு உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வருஷம் கோலாலம்பூர் இளைஞன் மறுபடி மாடிப்படி ஏறி வந்தான். கையில் அட்டைமுத்து பை.

"பொம்மைக்கு மட்டும் உரிமம் தருவீங்களா மேடம்? முதலாளி சம்மதிச்சுட்டாரு."

"ரத்தம்?" என்றார் மங்களம் மூலையிலிருந்து.

"ஒரு சொட்டு இல்லம்மா. எழுதியே கொண்டுவந்துட்டேன்."

"அப்ப உக்காருங்க தம்பி. பசியாறிட்டீங்களா?"

பொம்மை அறிமுக விழா ஈப்போவில் ஒரு பேரங்காடியில் நடந்தது. தொப்பையை அமுக்கினால் பொம்மை மங்களத்தின் குரலில் பேசும்: "ரத்தமா? ச்சீ! ஒரு தே தாரிக், சீனி கொறச்சு!" மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை என்று கூடம் முழுக்க அந்தக் குரல். புதுப்புடவையில் முன்வரிசையில் இருந்த மங்களத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு சின்னச் சீனப் பெண், பொம்மை பேசாமல் அடம்பிடிக்கிறதென்று அழுதுகொண்டு பக்கத்தில் வந்து நின்றது. மங்களம் குனிந்து, அதன் காதருகில் அந்த வசனத்தைத் தானே சொன்னார். குழந்தை பொம்மையைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு போட்ட கூச்சலில் கூடமே திரும்பியது. அவ்வளவுதான், பொம்மைகளை விட்டுவிட்டுப் பிள்ளைகள் மங்களத்தைச் சூழ்ந்துகொண்டன. ஒவ்வொன்றுக்கும் பேசிப் பேசிக் குரல் கட்டிப்போனது. தினேஸ்வரி வெந்நீர் வாங்கிக்கொண்டு ஓடினாள். "போதும் அத்தே, நாளைக்குக் குரல்பதிவு இருக்கு," என்றாள்.

"சும்மா இரு. என் சொத்து, நான் செலவு பண்றேன்," என்றார் மங்களம் கரகரத்த குரலில். அது முன்னைவிட அட்டைமுத்துவுக்கு நன்றாகவே பொருந்தியது.

வீடு திரும்பும்போது காடிக்குள் யாருக்கும் வாய் ஓயவில்லை. அடுத்த கதையில் அட்டைமுத்து தெலுக் இந்தானுக்குப் போகவேண்டும் என்றார் மங்களம். அங்கே சாய்ந்த கோபுரத்தைப் பார்த்து, தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்து டாக்டரிடம் ஓடவேண்டுமாம். ஓட அட்டைக்குக் கால் ஏது என்று தீபன் மடக்கினான். "கைலி கட்டத் தெரிஞ்சதுக்கு ஓடத் தெரியாதா?" என்று மங்களம் பதில் கொடுத்தார். தினேஸ்வரி பின்னிருக்கையில் இருவர் பேச்சையும் கேட்டுக்கொண்டே, சாய்ந்த கோபுரத்தடியில் தானும் சாய்ந்து நிற்கும் அட்டையை வரையத் தொடங்கியிருந்தாள்.