ஹ்லைபஸ் அக்கா

ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு ஹ்லைபஸ் அக்கா என்று பட்டப்பெயர். அந்த ஒரு சொல்லோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதற்குக் கிடைத்த பரிசு. ஹ்லைபஸ் என்றால் ரொட்டி. மூல ஜெர்மானிய மொழிச் சொல், எங்கேயும் எழுதிவைக்கப்பட்டதில்லை. ஆங்கிலத்தில் லோஃப், ஜெர்மனில் லைப் என்று பிள்ளைகளின் முகஜாடையை வைத்துத் தாயை ஊகித்திருக்கிறார்கள். ஊகம்தான் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். உறவே இல்லாத ஃபின்லாந்து மொழி இதை என்றைக்கோ வாங்கி 'லெய்பா' என்று வைத்துக்கொண்டது. இன்று அது அவர்கள் வீட்டுச் சொல்.

சரி, ஹ்லைபஸ் எங்கிருந்து வந்தது? அங்கேதான் அறிஞர்களுக்குள் சண்டை. "ஏதாவது ஒண்ணைப் போட்டு முடிங்கம்மா, அச்சுக்குப் போகணும்" என்றார் தலைமை ஆசிரியர்.

"உறுதியா தெரியலன்னா தெரியலன்னுதான் சார் போடணும்" என்று மேசையில் ஓங்கித் தட்டினாள் அவள். அப்படியேதான் அச்சேறியது.

வெளியில் இவ்வளவு கறார். வீட்டிலோ, மகளைக் கைக்குழந்தையாகத் தத்தெடுத்ததைப் பற்றி மூச்சு விட்டதில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் மகளுக்குக் கல்யாணமாகி, இப்போது வயிற்றில் பிள்ளை. சொன்னால் மகள் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம்தான், வேறென்ன?

மருத்துவமனைக்கு இவள்தான் துணைக்குப் போனாள்.

"அம்மா வழியில யாருக்காவது சுகர் இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"அம்மாவுக்கே இருக்கு டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தப்பென்று தெரிந்த ஒன்றைக் கண்ணெதிரே எழுத விட்டுவிட இவளுக்கு மனம் வரவில்லை.

"எழுதாதீங்க டாக்டர். என் சுகர் அவளுக்கு வராது. நான் வளர்த்தவ. பெத்தவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது."

மகள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா எப்படிம்மா மறைச்ச?"

"நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்டி."

மகளின் முகம் சிவந்தது. மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அதைவிட வேகமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சுகரை விட்டுடுங்க டாக்டர்" என்றாள். "கோபம்னு எழுதிக்குங்க. அது எங்கம்மா வழி."