அட்டை மறைத்த பாதி

முதலில் அட்டையைத் தடவிப் பார்க்கிறார். தினசரி காலண்டரில் தாள்களெல்லாம் கிழிந்து தீர்ந்தபின் மிஞ்சும் தடித்த அட்டைதான். அதை அளவாக வெட்டி, மடிக்கணினித் திரையின் வலது பாதி மறையும்படி இரண்டு கிளிப்புகளால் மாட்டி வைத்திருக்கிறார். அது இம்மிகூட நகரவில்லை என்று விரல் சொன்ன பிறகுதான் காரின் கதவைத் திறக்கிறார். உள்ளே உட்கார மாட்டார். வெளியே ஒரு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் கணினியை வைத்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவியைச் சொருகுகிறார். கருவியிலிருந்து கணினிக்கு ஒரு வயர்.

"சீட்டுலயே உக்காந்து செய்யலாமே, முட்டி வலிக்காதா?" என்று கேட்டேன்.

"உக்காந்தா அதையும் வண்டி குறிச்சு வச்சுக்கும் மேடம். நமக்கு எதுக்கு வம்பு?"

சொருகியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உள்ள போகட்டுமா?" வேற்று வீட்டு வாசலில் நின்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். அது செல்லாது. "வாயால சொல்லணும்" என்று காத்திருந்தார். "போங்க" என்றேன். வயர் வழியாக வண்டிக்குள் போனார்.

அவர் வசிக்கும் குடியிருப்பில் அவருக்குக் கோடிங் அண்ணன் என்று பெயர். ஐம்பத்தைந்தைத் தாண்டியும் அண்ணன்தான். வார நாட்களில் அலுவலகம் அலுவலகமாகப் போய் ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடத்தில் கார்களின் காதில் ஓதுகிறார். என் பழைய கார், பூட்டியதும் பக்கவாட்டுக் கண்ணாடிகளைத் தானாக மடித்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் அது அடுத்த ரக வண்டிக்குத்தான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

"அதெல்லாம் சும்மா" என்றார் இவர். "விலை கூடின வண்டியோ குறைஞ்ச வண்டியோ, உள்ள இருக்கிற மூளை ஒண்ணுதான். உங்க வண்டிக்கும் மடிக்கத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கச் சொல்லியிருக்காங்க. அவ்வளவுதான்."

திரையின் திறந்த பாதியில் எண்கள் வரிசையாக நின்றன. எதையும் தொடுவதற்கு முன் இருப்பதையெல்லாம் அப்படியே ஒரு நகல் எடுத்துக்கொண்டார். கார் பேட்டரியில் சார்ஜரை மாட்டினார். எழுதுகிற நேரத்தில் மின்சாரம் இறங்கினால் வண்டியின் மூளை குழம்பிவிடும், பிறகு அது வெறும் இரும்புதான் என்றார். அதற்கப்புறம் ஒரே ஒரு பூஜ்யத்தை ஒன்றாக மாற்றினார். வண்டியைப் பூட்டச் சொன்னார். பூட்டினேன். இரண்டு கண்ணாடிகளும் மெல்ல மடிந்துகொண்டன. நான் குழந்தை மாதிரி கைதட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"வண்டி வாயில்லா ஜீவன்னு நினைக்கிறோம். அதுக்கு வாய் இருக்கு மேடம். பூட்டி வச்சிருக்காங்க. எந்த வாயைத் திறக்கணும், எதைத் திறக்கக்கூடாதுன்னு தெரியணும்."

ஜன்னல்களைச் சாவியாலேயே இறக்குவது, வண்டியைக் கிளப்பும்போது வேகமானியின் முள் ஒரு சுற்றுச் சுற்றி வருவது, இப்படி எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பார். இரண்டு விஷயத்துக்கு மட்டும் மசிய மாட்டார். சீட் பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணியை நிறுத்தச் சொன்னால், "ஊர்லயே உங்களைப் பத்திக் கவலைப்படுறது அது ஒண்ணுதான். அதோட வாயையும் அடைக்கணுமா?" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இன்னொன்றை எனக்கு அவரைப் பற்றிச் சொன்ன தோழி சொன்னாள். ஒருவர் தன் மனைவியின் காரைக் கொண்டுவந்து, போன வாரம் அது எங்கெங்கே நின்றது என்று பார்த்துச் சொல்லக் கேட்டாராம். இவர் வயரை உருவி, கையில் சுற்றி, பைக்குள் போட்டுக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாராம். வந்தவர் வெகுநேரம் திறந்த கதவோடு நின்றிருக்கிறார்.

அந்தக் கீழ்த்தளத்தில் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும். இவர் வேலை செய்யும் இடம் ஒரு வெற்றுச் சுவரின் ஓரம். அந்தச் சுவரைப் பார்த்தபடி, எதிர்ப்பக்கம் கடைசி மூலையில், ஒரு சின்ன வெள்ளைக் கார் நிற்கிறது. தூசி இல்லை. டயர்களில் காற்று இருக்கிறது. ஒரு சார்ஜரின் சிவப்புப் பொட்டு அதன் மூக்கருகே எப்போதும் எரிகிறது. ஆனால் அது ஓடி ரொம்ப நாளாகிவிட்டது என்று பார்த்தாலே தெரியும். காரை ஒட்டிப் பின் சந்துக்குப் போகும் படிக்கட்டு, படிக்கட்டின் மேலே ஒரு பக்கவாசல் கேட். அதற்குப் பூட்டுப் போட வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் கரடியாகக் கத்துகிறார். இவர் விடமாட்டேன் என்கிறார். கேமரா வைக்கலாம் என்ற தீர்மானம் கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறது, இவர் எழுந்து நின்று அதைத் தோற்கடிக்கிறார். வண்டிகளின் பூட்டைத் திறக்கிறவர் வாசல்களின் பூட்டையும் விட்டுவைப்பதில்லை என்று அங்கே ஒரு கேலி உண்டு.

முதல் தடவை போனபோது நான் அந்த வெள்ளைக் காருக்கு முதுகு காட்டித்தான் நின்றிருந்தேன். திடீரென்று எங்கள் முன்னாலிருந்த சுவர் வெளுத்தது. திரும்பினேன். வெள்ளைக் காரின் முன்விளக்குகள் எரிந்தன. கதவுப்பிடிகளுக்கு அடியில் சின்ன விளக்குகள் தரையில் வட்டம் போட்டன. வண்டிக்குள் ஆளில்லை. பக்கத்திலும் ஆளில்லை. படிக்கட்டின் வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இங்கிருந்து தெரியாது.

"உங்க வண்டியா? லைட் எரியுதே!" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். ஏதோ ஸ்பேனர் தேடுகிறார் என்று நினைத்தேன். சுவரில் தேடுவதற்கு எதுவுமில்லை. விளக்குகள் கொஞ்ச நேரம் எரிந்து, பிறகு மெதுவாக மங்கி அணைந்தன. அவர் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார். எனக்குப் பயமாக இருந்ததை மறைப்பானேன். கண்ணாடி மடிவதை இன்னொரு தடவை வேடிக்கை பார்க்கக்கூடப் பொறுமையில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். முள் சுற்ற வேண்டும் என்று சாக்கு. வேலை பாதியில் இருக்கும்போது அவர் மனைவி தட்டில் டீ டம்ளர்களோடு இறங்கி வந்தார். நிற்கிற காரைப் பற்றி நான் வாயைத் திறக்கவேயில்லை. என் கண் போன இடத்தை அந்த அம்மாள் பார்த்துவிட்டார்.

"அது எங்க பொண்ணோட வண்டிம்மா. இவர் சொல்ல மாட்டார். நான் சொல்றேன்."

"டீ ஆறுது" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"ஆறட்டும்." அந்த அம்மாள் தட்டோடு அப்படியே நின்று சொல்ல ஆரம்பித்தார். "அவ பொறந்த நாளுக்குத்தான் இவர் முதல்ல அதுல வயரைச் சொருகினார். காலையில இருட்டோட வேலைக்குக் கிளம்புவா. அந்த மூலையில வெளிச்சமே கிடையாது. சாவி கிட்ட வந்தாலே வண்டி தானா லைட் போடுற மாதிரி செஞ்சு கொடுத்தார். கையில கூட எடுக்க வேண்டாம், பையில கிடந்தாலே போதும். கம்பெனி வச்ச நேரம் பத்தாதுன்னு, அவ நிதானமா வந்து ஏறுற வரைக்கும் எரியட்டும்னு கூட்டி வேற வச்சார். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அதோட விட்டிருக்கலாம்."

அவர் விசைப்பலகையின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அது எதையும் தட்டவுமில்லை.

"உள்ள போனவருக்கு எல்லாம் கண்ணுல பட்டிருக்கு. எப்ப கதவு திறந்துச்சு, எங்க நின்னுச்சு, பக்கத்து சீட்டுல ஆள் பாரம் இருந்துச்சா இல்லையா, எல்லாம். அப்புறம் வாராவாரம் அவளுக்குத் தெரியாம சொருகிப் பார்த்திருக்கார். எனக்கும் தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டார், 'சாயந்திரம் பக்கத்து சீட்டுல யாரும்மா உக்காருறது?'ன்னு. 'யாருப்பா சொன்னா?'ன்னா. இவர் பெருமையா, 'வண்டி சொல்லுச்சு'ன்னார்."

அந்த அம்மாள் தட்டைக் கை மாற்றிப் பிடித்தார்.

"கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லம்மா. தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. மறுநாள் வண்டியைத் தொடாம நடந்தே போயிட்டா. ஒரே ஒரு போன் வந்துச்சு. 'நல்லாத்தான் இருக்கேன், தேடாதீங்க. அப்பா என்னைப் பார்க்கவே வேண்டாம்னு சொல்லும்மா'ன்னா. அதுக்கப்புறம் அந்த நம்பரே இல்ல. மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. வண்டிச் சாவி அவ பையிலதான் தொங்கிட்டுப் போச்சு."

இப்போதுதான் எனக்கு அந்த விளக்கு விளங்கியது. விளங்கியபின் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடியது.

"இந்த மாதிரிச் சாவிக்குள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும்ல," என்று அந்த அம்மாள் என் பக்கம் நெருங்கினார். "அது ரெண்டு வருஷம் தாங்கினா பெரிசுன்னு இவரே சொல்லுவார். இது இன்னும் எரியுதே! அப்ப யாரோ பேட்டரி மாத்தியிருக்காங்கதானே? அவதானே? நீங்களே சொல்லுங்கம்மா."

"ஈரம் ஏறினாலும் எரியும்" என்றார் அவர். "பழைய வயர். தானா எரியும்."

"அதைத்தான் பார்த்துச் சொல்லுங்கன்றேன். சொருகினா எந்தச் சாவி வந்துச்சு, இல்ல எந்தச் சாவியுமே வரலையான்னு காட்டுமா காட்டாதா?"

"காட்டும்."

"அப்ப ஒரே ஒரு தடவை. எனக்கு அவ வர வேண்டாம், பேச வேண்டாம். உசுரோட இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

அந்த அம்மாளின் பக்கம்தான் நியாயம் என்று அப்போது பட்டது, இப்போதும் பாதி அப்படித்தான் படுகிறது. பெற்றவளின் தவிப்பைத் தீர்க்கும் பதில் பத்தடி தூரத்தில் நிற்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர் கையில் வயரோடு மண்டியிட்டிருக்கிறார். என் மனம் மட்டும் ஏனோ மூன்றாவது ஒரு வழியில் போனது. சாவி அவளிடம்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? கைமாறிய பையோடு வேறு யாரோ அந்தப் படிக்கட்டில் வந்து நின்றால்? இதை நான் வெளியே சொல்லவில்லை. இத்தனை நாளில் அவர்கள் இருவரும் அதையும் நினைக்காமலா இருப்பார்கள்?

அவர் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்தார். "பார்க்க வேண்டாம்னு சொல்லிட்டா. அவ என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதான்."

"உங்களைத்தானே பார்க்க வேண்டாம்னா? என்னைச் சொல்லலையே. நாளைக்கு நான் வேற ஆளைக் கூட்டிட்டு வந்து பார்க்கத்தான் போறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் சுவர் வெளுத்தது.

அவர் அந்தக் கணமே சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். பழகிப்போன வேகம் அது. அந்த அம்மாளும் நானும் வெள்ளைக் காருக்கு முதுகு காட்டித்தான் நின்றிருந்தோம். திரும்ப வேண்டியதுதான் பாக்கி.

"திரும்பாதீங்க மேடம்" என்றார் என்னிடம், தணிந்த குரலில். பிறகு மனைவியிடம், "நீ வேணும்னா பாரு. நான் தடுக்கல" என்றார்.

இவ்வளவு நேரம் கெஞ்சிய அம்மாள் அசையவில்லை. தட்டில் டம்ளர்கள் மட்டும் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொண்டிருந்தன. எங்களுக்குப் பின்னால் பக்கவாசல் கேட் கிறீச்சிட்டது. காற்றாகவும் இருக்கலாம். சந்தில் காற்று உண்டு.

எதிர்ச் சுவரில் எங்கள் நிழல்கள் பெரிதாக விழுந்திருந்தன. அவருடையது, அந்த அம்மாளுடையது, என்னுடையது. படிக்கட்டில் இறங்கி யாராவது காரின் முன்னால் வந்தால், இன்னொரு நிழலும் அதே சுவரில்தான் விழுந்தாக வேண்டும். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கண்கள் சுவரின் வெளிச்ச விளிம்புக்குப் போய் அங்கேயே நின்றன.

குனிந்து, கணினியில் மாட்டியிருந்த அட்டையைக் கிளிப்போடு பிடுங்கினார். அதுவரை மறைந்திருந்த பாதித் திரையில் என் கார் பார்த்த எல்லாம் வரிவரியாகத் தெரிந்தன. அவர் அதைப் பார்க்கவில்லை. அட்டையை இரண்டு கைகளாலும் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.