வெள்ளிக்கிழமை பிரிண்டர்

பிம்ப்ரி தொழிற்பேட்டையில் நான் ஸ்டெனோவாக இருந்த கம்பெனிக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. புதன் மாலை வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்தால் வெள்ளி காலையில்தான் திரும்பப் போடுவார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருட்டு சாப்ட்வேருக்கு ரெய்டு வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, முதலாளி பயந்துபோய் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடச் சொன்னார். போட வந்த ஆசாமி பிரிண்டரைத் தொடாமலே கிளம்பிவிட்டார். மேனேஜர் அதை என் தலையில் கட்டினார்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. “உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? டைப் அடிச்சோமா, கட்கிக்கு பஸ் பிடிச்சு வீடு வந்தோமான்னு இரேன்” என்றார் கணவர். கேட்கிற ஆளா நான்? அந்தப் பிரிண்டர் நெட்வொர்க்கில் தனியாக நிற்பது. அதற்கென்று ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடிக்கும். மூன்று நாள் முட்டி மோதிச் சேர்த்துவிட்டேன். என்னைத் தவிர அந்த ஆபீஸில் ஒருவருக்கும் அது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

அந்தத் திமிரை வெள்ளிக்கிழமைகள் அடக்கின. மற்ற நாளெல்லாம் ஒழுங்காக ஓடும் பிரிண்டர் வெள்ளி காலை மட்டும் படுத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் அதை அழித்துவிட்டு முதலிலிருந்து சேர்க்க அரை மணி ஆகும். சரக்கோடு போகும் சலான் சீட்டு அச்சாகாமல் லாரி கேட்டைத் தாண்டாது. டிரைவர் ஹாரன் அடித்தே மானத்தை வாங்குவார். மூன்றாவது வெள்ளி மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “அடுத்த வெள்ளியும் இப்படியென்றால் பழைய சாப்ட்வேர்தான். மேடம், நீங்கள் டைப்ரைட்டருக்கே போய்விடலாம்.” பழையதைத் திரும்பப் போட அடுத்த வெள்ளி வரச்சொல்லி டெக்னீஷியனுக்கும் அப்போதே போன் போட்டார்.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எதைச் செய்தாலும் நோட்டில் குறித்துவைப்பது என் வழக்கம். அதைப் புரட்டினேன். மூன்று வெள்ளிக்கும் பிரிண்டரின் எண் வேறு வேறு. மின்சாரம் போய் வந்தால், நெட்வொர்க்கில் எண்களைப் பங்கிடும் ரவுட்டர் பெட்டி பழசை மறந்துவிட்டு, முதலில் விழிக்கும் மிஷினுக்கு முதல் எண் என்று புதிதாகக் கொடுக்கிறது. கம்ப்யூட்டரோ போன வாரத்து எண்ணில் போய்த் தேடிக்கொண்டிருக்கிறது. தப்பு என் கையில் இல்லை!

அந்தப் பெட்டி பங்கிடும் வரிசைக்கு எட்டாத பெரிய எண் ஒன்றைப் பிரிண்டரின் பொத்தான்களை அழுத்தி அதற்கே நிரந்தரமாகக் கொடுத்தேன். லினக்ஸிலும் அதையே எழுதினேன். சரியா என்று வெள்ளிவரை காத்திருக்கப் பொறுமை இல்லை. புதன் மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம், கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டு மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். ஃபேன் நின்றதும் மேனேஜர் சாப்பிட்ட கையோடு கத்திக்கொண்டு வந்தார். சுவிட்சைத் திரும்பப் போட்டு, எல்லாவற்றையும் எழுப்பி, ஒரு பக்கம் அடித்து அவரிடம் நீட்டினேன்.

வெள்ளி காலை டெக்னீஷியன் சிடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். முதல் தட்டிலேயே சலான் வந்தது. லாரி போனது. மேனேஜர் டெக்னீஷியனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். எனக்குப் பெருமைதான், வேறென்ன?

பிறகு மேனேஜர் என் மேஜைக்கு வந்து, கம்பெனியின் போசரி யூனிட்டிலும் பிரிண்டர் இதே பாடு படுத்துகிறது, ஒரு நடை போய்விட்டு வர முடியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

“கார் அனுப்புங்க சார், போறேன்” என்றேன்.

அனுப்பினார்.